மெஷின் ஹெட் ஆல்பம்: யார் என்ன வாசிக்கிறார்கள், எங்கே பிசகுகிறது?

திறந்ததந்தி:

பிரிட்டிஷ் ராக் குழு டீப் பர்ப்பிள் 1972 மார்ச்சில் வெளியிட்ட ‘மெஷின் ஹெட்’ பற்றி யார் பேசினாலும் தீப்பிடித்த கேசினோ கதையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தெரியாதவர்களுக்காக இரண்டு வரி: 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ. அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஜாப்பா கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போது யாரோ சுட்ட ஃப்ளேர் துப்பாக்கியால் கேசினோ முழுக்க எரிந்துபோனது. அங்கேயே ஆல்பம் பதிவு செய்ய வந்திருந்த பர்ப்பிள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. கதை அவ்வளவுதான். இந்த இழையில் வாசிப்பை மட்டும் பேசலாம்.

7 பாட்டு, 37 நிமிடம் சொச்சம். என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: இதைக் கிட்டார் ஆல்பம் என்று நினைத்து உட்கார்ந்தால் பாதிதான் கைக்கு வரும். ரிட்சி பிளாக்மோரின் கிட்டாரும் ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கனும் ஒன்றோடொன்று ஒட்டி, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் வரும் சத்தம்தான் இதன் உயிர். அந்த ஒட்டுக்கு இடம் விட்டு வாசிப்பவர்கள் பேஸ் வாசிக்கும் ரோஜர் குளோவரும் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸும்.

பதிவு நடந்த விதமும் காதில் விழுகிறது. குளிர்காலத்துக்காக மூடியிருந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில், சத்தம் சிதறாமல் இருக்க மெத்தைகளைச் சாத்தி வைத்து வாசித்தார்கள். ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் ஸ்டுடியோ வண்டி வெளியே நின்றது, மிக்ஸரில் ஒலிப்பொறியாளர் மார்ட்டின் பர்ச். வாசித்ததைப் போட்டுக் கேட்க அறை, பால்கனி என்று சுற்றிக்கொண்டு வண்டிக்குப் போக வேண்டும். அதனால் ஒவ்வொரு டேக்கையும் கேட்பதை விட்டுவிட்டு, வாசிக்கும்போதே திருப்தியானால் அடுத்ததுக்குப் போனார்கள். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் கேட்டு வாசித்த இறுக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

முதலில் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்னச் சுர வரி. எல்லாரும் தெரியும் என்று நினைப்பதாலேயே அதிகம் தப்பாக வாசிக்கப்படுவது. டி தந்தி, ஜி தந்தி இரண்டையும் சேர்த்து: திறந்த நிலை (விரல் அழுத்தாமல்), 3-ஆம் ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள 3-ஆம் கட்டை), 5-ஆம் ஃப்ரெட். பிறகு திறந்த நிலை, 3, 6, 5. பிறகு மறுபடி திறந்த நிலை, 3, 5, 3, திறந்த நிலை. மேல் சுரங்கள் ஜி, பி ஃப்ளாட், சி, டி ஃப்ளாட். ஒவ்வொன்றுக்கும் கீழே சரியாக ஒரு நான்காம் சுர இடைவெளியில் இன்னொரு சுரம் கூடவே நகர்கிறது.

தாளம்தான் பலருக்கு உதைக்கிறது. முதல் மூன்று அடி 1, 2, 3 என்று நேராக விழும். அதற்கடுத்த திறந்த நிலை 4-இல் இல்லை, 4-க்கும் அடுத்த 1-க்கும் நடுவே. தொடர்ந்து வரும் 3-ஆம் ஃப்ரெட்டும் 6-ஆம் ஃப்ரெட்டும்கூட அடிகளுக்கு நடுவேதான்; 5-ஆம் ஃப்ரெட் மட்டும் 3-ஆம் அடியில் வந்து உட்கார்கிறது. ஆகவே 6-இலிருந்து 5-க்கு அரை அடிதான் இடைவெளி, மற்றவற்றுக்கு ஒரு முழு அடி. இரண்டாவது வரியையும் நேர் அடியில் வாசித்தால் ரிஃப் நொண்டும். வாயால் 1-2-3-4 சொல்லிக்கொண்டே காலால் தட்டி, கிட்டார் இல்லாமல் கைதட்டிப் பழகினால் இது சீக்கிரம் பிடிபடும்.

---

புதுவிரல்:

அண்ணா, ஒரு சந்தேகம். இதையே ஜி பவர் கார்டு (ஜி கீழே, அதன் ஐந்தாம் சுரம் மேலே), பி ஃப்ளாட் பவர் கார்டு, சி பவர் கார்டு என்று வாசித்தால் இன்னும் கனமாகக் கேட்கிறதே? பாட்டுப் புத்தகங்களிலும் அப்படித்தான் பார்த்தேன். நான்காம் இடைவெளியில் வாசிப்பதால் என்ன பெரிய வித்தியாசம்?

---

திறந்ததந்தி:

நல்ல கேள்வி தம்பி. கணக்காகவே பார்க்கலாம்.

திறந்த டி தந்தி சுமார் 147 ஹெர்ட்ஸ், திறந்த ஜி தந்தி 196 ஹெர்ட்ஸ். இரண்டையும் சேர்த்து ஓவர்டிரைவில் (ஆம்ப் கரகரக்கும் அளவுக்கு ஏற்றி) விடும்போது, இரண்டின் வித்தியாசமும் ஒரு சுரமாக உருவாகிறது. 196-இல் 147 போனால் 49 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் இ தந்தியில் 3-ஆம் ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் ஜி எத்தனை? அதே 49. மற்ற இடங்களிலும் இதே கதைதான்: 3-ஆம் ஃப்ரெட்டில் வித்தியாசம் 58 ஹெர்ட்ஸ் சுற்றி, அது பி ஃப்ளாட், 5-ஆம் ஃப்ரெட்டில் 65 சுற்றி, அது சி. அதாவது கீழே நிற்கும் டி, எஃப், ஜி சுரங்கள் ரிஃபின் பெயரை மாற்றவில்லை. அவற்றால் பிறக்கும் வித்தியாசச் சுரங்கள் மேல் சுரத்தைத்தான் இரண்டு ஸ்தாயி கீழே இருந்து தாங்குகின்றன.

நீ சொல்லும் பவர் கார்டில் அந்த வித்தியாசச் சுரம் ஒரு ஸ்தாயிதான் கீழே விழும். கார்டே கனமாக இருப்பதால் பேஸின் இடத்தையும் ஆர்கனின் இடத்தையும் அது பிடித்துக்கொள்கிறது. தனியாக வாசிக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். பேண்டோடு சேர்ந்தால் ஆர்கன் எங்கே என்று தேட வேண்டிவரும்.

இன்னொன்று கவனி. 6-ஆம் ஃப்ரெட்டில் கீழ்ச் சுரம் ஏ ஃப்ளாட். ஜி ப்ளூஸ் ஸ்கேலில் அது கிடையாது. இடைவெளி மாறாமல் நகர்வதால் தானாக வந்து சேர்கிறது. கோரஸில் சி-க்கு அடுத்து வரும் கார்டு எது? ஏ ஃப்ளாட்! ரிஃபில் ஒரு கணம் மின்னிவிட்டுப் போனதுதான் கோரஸில் முழு கார்டாக வருகிறது. பவர் கார்டில் வாசித்தால் இந்த உறவே அறுந்துபோகும்.

---

நாடாத்தடம்:

திறந்ததந்தி சார் சொன்னதோடு ஒரு திருத்தம். 49 ஹெர்ட்ஸ் உருவாவது உண்மை, ஆனால் 12 அங்குல ஸ்பீக்கர் 4 உள்ள கிட்டார் கேபினெட் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதையும் வெளியே தள்ளாது. நாம் நேரடியாக 49-ஐக் கேட்பதில்லை. அதன் மடங்குகளான 98, 147, 196 எல்லாம் வரிசையாக இருப்பதால் அடியில் ஒரு ஜி இருப்பதாக நம் செவி தானே முடிவுகட்டிக்கொள்கிறது. சின்ன ஸ்பீக்கரில் கேட்டாலும் இந்த ரிஃப் மெலியாமல் இருக்கக் காரணம் இதுதான். மிக்ஸ் செய்பவர்கள் கிட்டார் தடத்தில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே தாராளமாக வெட்டலாம், ரிஃபுக்கு ஒன்றும் ஆகாது. 98 பக்கம் வெட்டினால் உடனே பலம் போகும்.

---

திறந்ததந்தி:

திருத்தம் சரி, ஏற்கிறேன்.

வலது கை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிளாக்மோர் இதைப் பிக்கால் அடிப்பதில்லை, இரண்டு தந்தியையும் விரலால் ஒரே சமயத்தில் இழுக்கிறார். கட்டைவிரல் டி தந்தியில், ஆள்காட்டி விரல் ஜி தந்தியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிக் என்றால் டி முதலிலும் ஜி ஒரு நூலிழை தாமதமாகவும் ஒலிக்கும். ஓவர்டிரைவில் அந்த நூலிழை ஒரு சொரசொரப்பாக மாறிவிடும். விரலில் இரண்டும் ஒன்றாக வெடிக்கும், ஆர்கன் கட்டையை அழுத்துவது போன்ற தொடக்கம் கிடைக்கும். லார்ட் அதே ரிஃபில் சேரும்போது ஒட்டு தெரியாததற்குப் பாதிக் காரணம் இது.

அதிகம் கெடுவது திறந்த தந்தியை நிறுத்துவதில். 3-க்கும் 5-க்கும் விரலைத் தளர்த்தினாலே சத்தம் நின்றுவிடும். திறந்த நிலையில் தளர்த்த விரலே இல்லை. எனவே 3-ஆம் ஃப்ரெட்டுக்குப் போவதற்குச் சற்று முன்னால் இடது கை விரல்களைத் தந்திமேல் படுக்கவிட்டு அணைக்க வேண்டும், அழுத்தக் கூடாது. அணைக்காவிட்டால் ஜி-யும் பி ஃப்ளாட்டும் குழம்பி ஒரு கூழ் மாதிரி கேட்கும். கட்டுப்பாடு வராதவர்கள் இதே சுரங்களை ஏ, டி தந்திகளில் 5, 8, 10, 11 ஃப்ரெட்டுகளில் வாசிக்கலாம். எல்லாமே அழுத்திய சுரம் என்பதால் நிறுத்துவது எளிது. ஆனால் தடித்த தந்தி, சத்தம் கொஞ்சம் மங்கும்; ட்ரெபிளை ஏற்றிக்கொள்ளுங்கள்.

கெயினை (ஆம்பில் கரகரப்பைக் கூட்டும் திருகை) குறையுங்கள். அவருடையது ஸ்ட்ராட்டோகாஸ்டர், முன்னால் ஒரு ட்ரெபிள் பூஸ்டர், பிறகு 200 வாட் மார்ஷல் மேஜர். அவ்வளவு பெரிய ஆம்ப் எளிதில் உடைந்து கரகரக்காது. இன்றைய ஆம்பில் கெயின் 4 அல்லது 5, மிட் 7, பேஸ் 4 என்று தொடங்கிப் பாருங்கள். கிட்டார் வால்யூமை 6-க்கு இறக்கினால் சுத்தமாக ஒலிக்க வேண்டும். அப்போதும் கரகரத்தால் கெயின் அதிகம் என்று அர்த்தம்.

---

ஹாமண்ட்காரர்:

ஆர்கன் பற்றிப் பேச இடம் விட்டதற்கு நன்றி.

லார்டின் ஹாமண்ட் சி-3. லெஸ்லி சுழல் ஸ்பீக்கரை மட்டும் நம்பாமல் அதை நேரே மார்ஷலுக்குள் விட்டார். அதனால் என்ன ஆனது என்றால், கிட்டாரைக் கரகரப்பாக்கும் அதே சர்க்யூட்தான் ஆர்கனையும் கரகரப்பாக்குகிறது. இரண்டும் ஒரே ஊர்க்காரர்கள் மாதிரி ஒலிக்க வேறு மந்திரம் தேவையில்லை.

கீபோர்டில் இதை எடுக்க முயல்பவர்கள் முதலில் செய்யும் தப்பு எல்லா டிராபார்களையும் (ஒலியின் நிறத்தை மாற்ற இழுக்கும் ஒன்பது கம்பிகளையும்) இழுத்துவிடுவது. முழு ஆர்கன் சத்தத்தை டிஸ்டார்ஷனில் விட்டால் மேல் ஹார்மானிக்குகள் ஒன்றோடொன்று மோதி, எந்தச் சுரம் என்றே தெரியாத இரைச்சல் வரும். முதல் மூன்று டிராபார் மட்டும் முழுதாக, மற்ற ஆறும் உள்ளே: 888 000 000. இதில் தொடங்குங்கள். காரம் போதவில்லை என்றால் நாலாவதை 4 வரை இழுங்கள். பெர்கஷன் எஃபெக்ட் (சுரத்தின் தொடக்கத்தில் சேரும் ‘டிக்’ சத்தம்) வேண்டாம். சுழல் ஸ்பீக்கர் எஃபெக்டை நிறுத்துங்கள் அல்லது மெதுவான வேகத்தில் விடுங்கள். வேகச் சுழற்சியில் ரிஃபின் ஓரங்கள் கரைந்துபோகும்.

அடுத்தது கை. முழு மூன்று சுரக் கார்டைக் கரகரப்பில் அழுத்தவே கூடாது. மேஜர் மூன்றாம் சுரம் உள்ளே வந்ததும் அடியில் சம்பந்தமில்லாத வித்தியாசச் சுரங்கள் முளைக்கும். மேலே சொன்ன 49 ஹெர்ட்ஸ் கணக்கு இங்கேயும் வேலை செய்கிறது, ஆனால் எதிர்த் திசையில். நான்காம், ஐந்தாம் இடைவெளி, ஸ்தாயி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்மோக் ரிஃபில் கிட்டார் வாசிக்கும் அதே இரு சுரங்கள் போதும்.

ஹாமண்டில் அழுத்தத்தின் அளவுக்குச் சத்தம் மாறாது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அதே சத்தம்தான். ஏற்ற இறக்கம் முழுக்க வலது காலில், எக்ஸ்பிரஷன் பெடலில். மார்ஷல் வழியே போகும்போது பெடல் சத்தத்தை மட்டும் கூட்டுவதில்லை, கரகரப்பையும் கூட்டுகிறது. ‘லேஸி’ தொடக்கத்தில் லார்ட் தனியாக உறுமுவதைக் கேளுங்கள்: ஒரே சுரம் மெதுவாக வாய் திறப்பது போல வரும். கீபோர்டில் இதைச் செய்ய, பெடலை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் கரகரப்பு மாறாமல் சத்தம் மட்டும் ஏறி இறங்கும். டிஸ்டார்ஷனை நிறுத்தாமல் பெடலைப் பாதிக்கு இறக்கினால் சுத்தமான ஆர்கன் வர வேண்டும். அந்த அளவுக்குக் கெயினைக் குறைத்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

---

இடதுகைதாளம்:

பெய்ஸ் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு விஷயம்: அவர் இடது கை வாசிப்பாளர், டிரம்ஸ் வரிசை முழுக்க மாற்றி வைக்கப்பட்டது. வீடியோ பார்த்துக் கற்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்காமல் டாம் வரிசையில் குழம்புகிறார்கள். கண்ணாடியில் பார்ப்பதாக நினைத்துக்கொண்டால் வலது கைக்காரர்களுக்கு நேராகப் பொருந்திவிடும்.

ஸ்மோக்கில் ஒவ்வொருவரும் நுழையும் வரிசையே ஒரு பாடம். கிட்டார் தனியாக. பிறகு ஹை-ஹேட் (காலால் மூடித் திறக்கும் இரட்டைச் சிம்பல்), கரகரத்த ஆர்கன். பிறகு மீதி டிரம்ஸ். கடைசியில் பேஸ். ஹை-ஹேட் வாசிப்பு பதினாறில் ஒன்று அளவில், அதாவது தாள அடி ஒன்றுக்கு நாலு தட்டு. வேகம் நிமிடத்துக்கு 112 தாள அடி சுற்றி என்றால் நொடிக்கு ஏழரை தட்டு. எல்லா அடியும் ஒரே அளவில் விழுந்தால் தையல் மெஷின் மாதிரி ஆகிவிடும். நாலில் முதல் அடியைக் குச்சியின் தண்டாலும் மற்ற மூன்றை நுனியாலும் தொடுங்கள். மேல்மூடி ஒரு மயிரிழை திறந்திருக்கட்டும். இறுக்கி மூடினால் கிட்டாரின் கீழே காணாமல் போகும். ஸ்னேர் டிரம் சேரும்வரை சத்தத்தைக் கூட்டாமல் பிடித்து வைப்பதுதான் கடினம், பலர் ஹை-ஹேட்டிலேயே உச்சத்துக்குப் போய்விட்டு ஸ்னேருக்கு எதுவும் மிச்சம் வைப்பதில்லை.

இந்தப் பாட்டின் அடித்தடம் மட்டும் ஹோட்டலில் பதிவானதல்ல. கேசினோ எரிந்தபின் பெவிலியன் என்ற அரங்கில் வாசித்தது. சத்தம் தாங்காமல் போலீஸ் வந்து நிறுத்தியதும்தான் ஹோட்டலுக்குப் போனார்கள். ஸ்மோக்கையும் ‘ஸ்பேஸ் டிரக்கின்’ பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டு ஸ்னேரை மட்டும் கேளுங்கள். இடம் மாறியது எனக்குத் தெளிவாகவே கேட்கிறது.

‘ஹைவே ஸ்டார்’ வேகம் 170 சுற்றி. இங்கே கெடுவது ஓட்டம் பிடிப்பது. தொடக்கத்தில் பேஸும் ஸ்னேரும் எட்டில் ஒன்று அளவில் (தாள அடிக்கு இரண்டு) ஏறிக்கொண்டே வரும்போது சத்தம் கூடுவதோடு வேகமும் கூடிவிடும். 178-இல் பாட்டுக்குள் நுழைந்தால் கிட்டார் சோலோவில் கை வெந்துவிடும். மெட்ரோனோமை 2-ஆம் 4-ஆம் அடிக்கு மட்டும் ஒலிக்கவிட்டு அந்தத் தொடக்கத்தைப் பழகுங்கள்.

‘லேஸி’ வேறு உலகம், அசல் ஸ்விங் ஷஃபிள் (நீளம், குறுக்கம் என்று ஊசலாடும் நடை). பெய்ஸின் இடது, வலது கைகளுக்கு நடுவே ஸ்னேரில் மெல்லிய அடிகள் நிறைய ஓடுகின்றன. நுனியைத் தோலுக்கு மேல் 2 சென்டிமீட்டருக்கு மேல் தூக்காமல் விழவிட்டால் அந்த அடிகள் வரும். ராக் டிரம்மர்கள் இங்கே கிக்கை (காலால் மிதிக்கும் பெரிய டிரம்மை) ஓங்கி மிதித்துக் கெடுக்கிறார்கள். கிக் இதமாக, ரைடு சிம்பல் முன்னால். அவ்வளவே.

---

பேஸ்வழி:

‘கிட்டாரும் ஆர்கனும் ஒட்டிய சத்தம்தான் உயிர்’ என்ற தொடக்கக் கருத்தோடு எனக்கு முழு உடன்பாடில்லை. அந்த ஒட்டு எதன்மேல் நிற்கிறது? ஸ்மோக்கில் பேஸ் உள்ளே வரும்போது குளோவர் ரிஃபை வாசிப்பதில்லை. பெரும்பாலும் ஜி-யிலேயே எட்டில் ஒன்று அளவில் நின்று துடிக்கிறார். மேலே கார்டுகள் நகர்கின்றன, கீழே தரை நகர்வதில்லை. பேஸும் சேர்ந்து ஜி, பி ஃப்ளாட், சி என்று ஏறினால் முழுப் பேண்டும் ஒரே கோட்டில் போய்ப் பாட்டு தட்டையாகிவிடும். கற்பவர்கள் அதிகம் செய்யும் தப்பு இதுதான். அவருடைய ரிக்கன்பேக்கரும் பிக்கும் சேர்ந்த கூர்மையை எடுக்க, பிரிட்ஜுக்கும் பிக்கப்புக்கும் நடுவே பிக்கால் கீழ்நோக்கி மட்டும் அடியுங்கள். மேல்-கீழ் அடித்தால் இரண்டாவது அடி எப்போதும் சின்னதாக விழும்.

‘மேபி ஐம் எ லியோ’ குளோவர் கொண்டுவந்த ரிஃப். அதன் சூட்சுமம் முதல் அடியில் ரிஃப் தொடங்காததுதான். டிரம்ஸ் முதல் அடியைப் போட்டபின் ரிஃப் கிளம்புகிறது. நம்முடைய பாஷையில் அனாகத எடுப்பு. கர்நாடக சங்கீதத்தில் தாளம் போட்டுப் பழகிய காதுக்கு இது சர்வசாதாரணம். ராக் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் ரிஃபின் முதல் சுரத்தையே 1 என்று எண்ணிவிட்டுப் பாடகர் நுழையும்போது திண்டாடுகிறார்கள். சமத்தில், அதாவது முதல் அடியில், காலைத் தட்டிவிட்டு, ரிஃபை அதற்குப் பதில் சொல்வது போல வாசியுங்கள். மெதுவான பாட்டு என்பதால் இழுத்துக்கொண்டு போகத் தோன்றும், ஆனால் ஸ்னேர் அடியைத் தாண்டிச் சுரத்தை நீட்டக் கூடாது.

‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’ பெய்ஸின் டிரம்ஸோடு தொடங்குகிறது. நடுவில் ஆர்கன் சோலோ வருகிறது, பேஸுக்கும் ஒரு சின்ன சோலோ உண்டு. அந்த பேஸ் சோலோவில் குளோவர் வேகம் காட்டுவதில்லை. கீழ் ஸ்தாயியைக் காலியாக விட்டு மேலே ஏறுகிறார். அந்தக் காலியிடத்தில்தான் கிக் டிரம் திடீரென்று பெரிதாகக் கேட்கிறது. கிட்டார் அந்த இடத்தில் வாய் மூடியிருக்க வேண்டும்.

‘நெவர் பிஃபோர்’ இந்த ஏழில் பலவீனமானது என்பது என் முடிவு.

---

மேல்ஸ்தாயி:

பேஸ்வழி, அங்கே நான் மாறுபடுகிறேன். ‘நெவர் பிஃபோர்’ பாட்டைத்தான் ஆல்பத்திலிருந்து முதல் சிங்கிளாக (தனிப்பாட்டு இசைத்தட்டாக) விட்டார்கள். பிரிட்டனில் 35-ஆம் இடத்தோடு நின்றது, ஸ்மோக்கோ 1973-இல் அமெரிக்காவில் 4-ஆம் இடம் வரை போனது. அதை வைத்துப் பாட்டை எடை போட வேண்டாம். தொடக்கத்தில் ஃபங்க் நடை, பிறகு நேரான ராக், நடுவே வேகம் தணிந்து குரல்கள் அடுக்கடுக்காக வரும் ஒரு பகுதி என்று நாலு நிமிடத்துக்குள் மூன்று நடை. குரல் அடுக்கைப் பழக விரும்புகிறவர்களுக்கு ஆல்பத்தில் இதுதான் சரியான இடம்.

இயன் கில்லனின் குரல் பற்றிப் பேச வேண்டியது நிறைய. ‘ஹைவே ஸ்டார்’ தொடக்கத்து அலறலைப் பார்த்து மார்புக் குரலை மேலே தள்ளுகிறவர்கள் பத்து நிமிடத்தில் தொண்டை கட்டிப்போவார்கள். மேலே போகப் போக மார்புக் குரலின் கனத்தைக் குறைத்துத் தலைக் குரலுக்கு மாற வேண்டும், மாறிய இடம் வெளியே தெரியாமல் இருக்க ஒலியைக் கூர்மையாக்க வேண்டும். ‘ஙே’ என்ற ஒலியை மூக்கோரமாகச் சின்னதாக வைத்துக் கீழிருந்து மேலே வழுக்கிப் பழகுங்கள். வழி பிடிபட்டபின் வாயைத் திறந்து ‘ஆ’ ஆக்குங்கள். கரகரப்பைச் சேர்ப்பது கடைசியில். வலித்தால் நிறுத்துங்கள், அது பலம் போதாததால் அல்ல, வழி தப்பியதால்.

ஸ்மோக் குரல் வேறு மாதிரி. வசனம் சொல்லும் தோரணையில் நடு ஸ்தாயியிலேயே நிற்கிறது, சொற்கள் தெளிவாக விழுகின்றன. அதையும் உச்சத்தில் கத்தினால் கோரஸுக்கு ஏற இடமே இருக்காது. மேடையில் ஹைவே ஸ்டாரை முதல் பாட்டாகப் போட்டால், அதற்கு முன் 15 நிமிடமாவது குரலைச் சூடாக்க வேண்டும்.

---

புதுவிரல்:

ஹைவே ஸ்டார் கிட்டார் சோலோவை எப்படிப் பழகுவது? 120-இல் சுத்தமாக வருகிறது, 140 தாண்டினால் உடைகிறது.

---

திறந்ததந்தி:

அந்த சோலோ மேடையில் அந்த நேரத்துக்குத் தோன்றியதல்ல. பதிவுக்கு முன்பே சுரம் சுரமாக எழுதி வைத்தது என்று பிளாக்மோரே சொல்லியிருக்கிறார். எனவே உருப்போடுவதில் தப்பில்லை. அடித்தளம் டி மைனர். அதில் எல்லாரும் காத்திருக்கும் அந்த வேகப் பகுதி டி மைனர், ஜி மைனர், சி, ஏ என்ற கார்டுகளைச் சுரங்களாக உடைத்து ஓடுவது. பாக் காலத்து நடை. ஸ்டுடியோ பதிவில் இரண்டாவது கிட்டார் தடமும் ஒத்திசைந்து வருகிறது. ஒரே கிட்டாரில் இரண்டையும் பிடிக்க முயலாதே, மேல் தடத்தை மட்டும் எடுத்துக்கொள்.

170 வேகத்தில் பதினாறில் ஒன்று என்றால் நொடிக்கு 11 சுரத்துக்கும் மேல். 140-இல் உடைகிறது என்றால் விரல் வேகம் காரணமாக இருக்காது, தந்தி மாறும் இடம்தான் காரணம். சோதித்துப் பார்: ஒரே தந்தியில் ஒரே சுரத்தை 170-இல் அடி. வந்தால் வலது கையில் வேகம் இருக்கிறது. பிறகு பி தந்தியிலிருந்து மேல் இ தந்திக்கு மாறும் நாலு சுரத்தை மட்டும் தனியாக எடு. பிக் தந்திக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார், நுனி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனால் அடுத்த தந்திக்கு நேரத்துக்கு வராது.

முழுப் பகுதியையும் மெதுவாக ஏற்றிக்கொண்டு போகாதே. இரண்டு அடி அளவுள்ள துண்டு, கூடவே அடுத்த துண்டின் முதல் சுரம். அந்த முதல் சுரத்தில் நின்றுவிடு. இந்தச் சின்னத் துண்டை 160-இல் பழகு, சுத்தமானபின் துண்டுகளை இரண்டிரண்டாக ஒட்டு. மணிக்கட்டை விட்டு முன்கை இறுகத் தொடங்கினால் நிறுத்தி ஓய்வு கொடு, இறுகிய கையோடு பழகினால் இறுக்கத்தைத்தான் பழகுகிறாய்.

---

ஹாமண்ட்காரர்:

அதே பாட்டின் ஆர்கன் சோலோவையும் மறக்க வேண்டாம். கிட்டார் சோலோவுக்கு முன்னால் வருவது, அதுவும் பரோக் நடைதான். கிட்டாரிஸ்ட் அந்த நடையில் இறங்கும்போது அந்நியமாகக் கேட்காததற்குக் காரணம், லார்ட் ஏற்கெனவே காதைத் தயார் செய்துவிட்டார். பேண்டில் நேரம் குறைக்க ஆர்கன் சோலோவை வெட்டுகிறவர்கள் பாட்டின் எலும்பை உடைக்கிறார்கள். கார்டுகள் மாறும் ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கார்டின் சுரத்தில் இறங்க வேண்டும். டி மைனர் பென்டாடோனிக்கை (ஐந்து சுர ஸ்கேலை) மட்டும் வைத்து ஓட்டினால் ஏ கார்டு வரும் இடத்தில் சி ஷார்ப் இல்லாமல் சப்பென்று இருக்கும்.

---

நாடாத்தடம்:

எந்தப் பதிப்பைக் கேட்டுக் கற்பது என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு இங்கேயே பதில். 1972 மிக்ஸ்தான் அடிப்படை. 1997-இல் 25-ஆம் ஆண்டுப் பதிப்புக்காக ரோஜர் குளோவரே புதிதாக மிக்ஸ் செய்தது இருக்கிறது. வாத்தியங்கள் பிரிந்து கேட்கின்றன, பாட்டுகளின் முடிவும் கொஞ்சம் நீள்கிறது. பேஸ், கிக் கற்க அது உதவும். 2024-இல் டுவீசில் ஜாப்பா செய்த மிக்ஸும் வந்துவிட்டது. அன்று மேடையில் இருந்த ஃபிராங்க் ஜாப்பாவின் மகன் அவர். குரல் பழக அசல் போதும், மற்ற இரண்டிலும் குரலின் இடம் மாறியிருக்கிறது.

‘வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்’ இதே அமர்வுகளில் பதிவானது, ஆல்பத்தில் இடம் பெறாமல் ‘நெவர் பிஃபோர்’ சிங்கிளின் மறுபக்கமாக வந்தது. மெதுவான பாட்டில் இந்த ஐவர் எவ்வளவு இடம் விட்டு வாசிக்கிறார்கள் என்று பார்க்க அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

1972 ஆகஸ்ட்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவான ‘மேட் இன் ஜப்பான்’ ஆல்பத்தில் இதிலிருந்து நாலு பாட்டு இருக்கிறது. ஸ்டுடியோவில் நாலரை நிமிடமாக இருந்த ஸ்பேஸ் டிரக்கின் அங்கே ஏறக்குறைய 20 நிமிடம், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க. ஆனால் கற்பவர்கள் முதலில் ஸ்டுடியோ வடிவத்தை எடுங்கள். அதன் ரிஃபில் அரைச் சுரம் அரைச் சுரமாக நகரும் யோசனை பேட்மேன் தொலைக்காட்சித் தொடரின் இசையிலிருந்து வந்தது என்று பிளாக்மோர் சொல்லியிருக்கிறார். அந்த ஏற்றத்தில் கிட்டார், ஆர்கன், பேஸ், கிக் எல்லாம் ஒரே அடியில் விழ வேண்டும். இங்கே மட்டும் பேஸும் கூடவே ஏற வேண்டும்.

---

பேஸ்வழி:

லேஸியில் யாருக்குமே பாடத் தொடங்கும் இடம் பிடிபடுவதில்லை. அதற்கு என்ன வழி?

---

இடதுகைதாளம்:

7 நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டில் கில்லன் நாலு நிமிடம் தாண்டித்தான் வாய் திறக்கிறார், அதற்குள் ஆர்கன், கிட்டார் இரண்டும் மாறி மாறிப் பேசி முடித்திருக்கும். நிமிடத்தை எண்ணாதீர்கள், எஃப்-இல் ஓடும் ப்ளூஸ் சுற்றை எண்ணுங்கள். மேடையில் சோலோ எத்தனை சுற்று என்று முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், கடைசிச் சுற்றின் இறுதி இரண்டு பாரில் டிரம்மர் ஸ்னேரில் ஒரே மாதிரி அடையாளம் வைக்க வேண்டும். பாடகர் அதைப் பிடித்து நுழைவார்.

மவுத் ஆர்கனையும் கில்லனே வாசிக்கிறார், பாட்டு வரிகளுக்கு நடுவே. தனி ஆள் வைத்தால் எஃப்-இல் ப்ளூஸ் வாசிக்க பி ஃப்ளாட் மவுத் ஆர்கன் வாங்கச் சொல்லுங்கள், எஃப் அல்ல. இரண்டாம் துளையில் உறிஞ்சினால் எஃப் கிடைக்கும், அதை வளைக்கவும் முடியும். எஃப் மவுத் ஆர்கனில் வளைக்க வேண்டிய சுரங்கள் கீழ்ப் பகுதியில் கைக்கு வராது. மைக்கோடு சேர்த்து உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்துச் சின்ன ஆம்பில் விடுங்கள். பாட்டு மைக்கிலேயே வாசித்தால் ஆர்கனுக்குக் கீழே அமுங்கிவிடும்.